பத்து மாடி ஆழத்தில் ஒரு ரயில் நிலையம்

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், முன்னாள் மாணவரான ஒரு சிவில் இன்ஜினியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இருபது நிமிஷம் பேசு, அறுவை மட்டும் போடாதே" என்று செயலாளர் அண்ணன் சொல்லித்தான் மேடை ஏற்றியிருக்கிறார். முடிந்தவரை பார்க்கிறேன்.

சிவில் எடுத்தவன் வெயிலில் காய்வான், கம்ப்யூட்டர் எடுத்தவன் ஏ.சி.யில் உட்காருவான் என்று நம் ஹாஸ்டலில் ஒரு வசனம் உண்டு. இப்போதும் உண்டு என்று நேற்று ராத்திரி தம்பிகள் சொன்னார்கள். என் விஷயத்தில் அது பொய்யாகிவிட்டது. நான் வெயிலில் காயவில்லை. தரைக்கு அடியில் போய்விட்டேன். சுரங்கப் பாதை தோண்டும்போது மேலே இருக்கிற தரையும் கட்டடமும் எவ்வளவு அசைகின்றன என்று அளப்பதுதான் என் பிழைப்பு. அந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் ஒரு ரயில் நிலையத்தைப் பற்றி உங்களிடம் பேச வந்திருக்கிறேன். அதை நான் கட்டவில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தவன்தான். ஆனால் அந்தப் பாதையின் கதையில் நம் தொழிலின் நல்லதும் கெட்டதும் இரண்டும் இருக்கின்றன.

கொல்கத்தாவில், ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் ஹௌரா மெட்ரோ நிலையம்தான் அது. சென்னை சென்ட்ரலில் ஹௌரா மெயில் ஏறியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். விடிந்து இறங்கினால் எதிரே ஆறு, பக்கத்தில் 1943-இல் திறந்த ஹௌரா பாலம், அதன் மேல் எறும்புச் சாரி மாதிரி ஜனங்கள். ஊருக்குள் போக வேண்டுமானால் அந்தப் பாலத்தைக் கடக்க வேண்டும், இல்லாவிட்டால் படகு ஏற வேண்டும். 2024 மார்ச் மாதத்திலிருந்து மூன்றாவதாக ஒரு வழி வந்திருக்கிறது. அதே ஸ்டேஷன் வளாகத்தில் எஸ்கலேட்டரில் இறங்கினால், தரைமட்டத்துக்குச் சுமார் 30 மீட்டர் கீழே, அதாவது ஒரு பத்து மாடிக் கட்டடத்தைத் தலைகீழாகப் புதைத்த ஆழத்தில், மெட்ரோ நிற்கும். நாட்டின் மிக ஆழமான மெட்ரோ நிலையங்களில் அது ஒன்று. ரயில் புறப்பட்டதும் ஆற்றுக்கு அடியில் 520 மீட்டர் ஓடுகிறது. அதற்கு 45 விநாடி. நான் போனபோது பக்கத்து சீட்டுக் குழந்தை "மீன் எங்கே?" என்கிற தோரணையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மீன் தெரியாது. நீல விளக்குதான் தெரியும்.

ஏன் இவ்வளவு ஆழம்?

யாரும் ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டுவதில்லை. ஒவ்வொரு மீட்டரும் பணம், காலம், ஆபத்து. உலகத்தில் ரொம்ப ஆழமான நிலையங்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் நிலத்தின் ஏதோ ஒரு கட்டாயம் இருக்கும். உக்ரைன் தலைநகர் கீவில் 1960-இல் திறந்த ஆர்செனல்னா நிலையம் 105.5 மீட்டர் ஆழம். காரணம், தினிப்ரோ ஆற்றின் உயர்ந்த கரை. அடுத்த நிலையத்தில் ரயில் ஆற்றுப் பாலத்துக்காக வெளியே வந்துவிடும். ரயில் அவ்வளவாக ஏறவில்லை, இறங்கவில்லை; தலைக்கு மேலே குன்று ஏறிவிட்டது, அவ்வளவுதான். சீனாவின் சோங்சிங் நகரத்தில் 2022-இல் திறந்த ஹோங்யான்சுன் நிலையம் 116 மீட்டர். அதுவும் மலை நகரம்.

கொல்கத்தாவில் மலை கிடையாது. அங்கே கட்டாயம் ஆறு. ஆற்றுக்கு அடியில் குழாய் போடும்போது, குழாய்க்கும் ஆற்றுப் படுகைக்கும் நடுவில் போதுமான கனத்துக்கு மண் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் உடைத்துக்கொண்டு உள்ளே வரும். அல்லது காற்றடைத்த குழாய் மேலே மிதந்து வரப் பார்க்கும். லண்டனில் மார்க் புரூனல் தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் 1825-இல் தோண்ட ஆரம்பித்தார். தலைக்கு மேல் மண் குறைவு. 1827-இல் ஒரு தடவை, 1828-இல் ஒரு தடவை ஆறு உள்ளே புகுந்தது. இரண்டாவது தடவை ஆறு பேர் இறந்தார்கள். அவருடைய மகன் இசம்பார்ட் மயிரிழையில் தப்பினார். அந்தச் சுரங்கம் 1843-இல்தான் திறந்தது. அந்தப் பாடத்தை உலகம் மறக்கவில்லை. ஹூக்ளியில் படுகைக்குக் கீழே சுமார் 13 மீட்டர் மண் விட்டுத்தான் சுரங்கம் போகிறது.

சரி, சுரங்கம் ஆழமாகப் போகட்டும், நிலையத்தை மேலே வைக்கக் கூடாதா? கூடாது. மெட்ரோ ரயில் ஆட்டுக்குட்டி இல்லை, துள்ளி ஏற. நூறு மீட்டர் ஓடினால் மூன்று, நான்கு மீட்டர் ஏறலாம். இருபது மீட்டர் மேலே வர வேண்டுமானால் அரைக் கிலோமீட்டராவது ஓட வேண்டும். ஹௌரா ஸ்டேஷனோ ஆற்றை ஒட்டி நிற்கிறது. ஆற்றுக்கு அடியில் இருந்து வந்த ரயிலுக்கு ஏறி வர இடமே இல்லை. அதனால் ரயில் மேலே வருவதற்குப் பதில் ஜனங்கள் கீழே போகிறார்கள்.

இது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. ஆற்றுக்கு அடியில் கல்கத்தாவையும் ஹௌராவையும் இணைத்து ரயில் விடலாம் என்று ஹார்லி டால்ரிம்பிள்-ஹே என்ற லண்டன் இன்ஜினியர் 1921-லேயே திட்டம் போட்டுக்கொடுத்தார். பணம் இல்லை என்று கிடப்பில் போட்டார்கள். ஆனால் அதே மனிதர் மின்சாரக் கேபிள் கொண்டுபோக ஹூக்ளிக்கு அடியில் ஒரு சிறிய சுரங்கம் அமைத்துக் கொடுத்தார். அது 1931-இல் முடிந்தது. கரண்ட் ஆற்றைக் கடந்து, மனிதன் கடக்க இன்னும் 93 வருஷம் ஆயிற்று.

சேற்றுக்குள் ஒரு காலிப் பெட்டி

கொல்கத்தா மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். பாறையைத் தேடிப் போகாதீர்கள், கிடைக்காது. மேலே பத்துப் பதினைந்து மீட்டருக்குச் சாம்பல் நிறக் களிமண், பிசைந்த மாவு மாதிரி. நடுவில் மக்கிப்போன பழைய மரத்துண்டுகள்கூட வரும். என்றோ ஒரு காலத்தில் சதுப்புக் காடாக இருந்த இடம். அதற்குக் கீழே கொஞ்சம் கெட்டிக் களிமண். அதற்கும் கீழே மணல், மணல் நிறையத் தண்ணீர். நிலத்தடி நீர்மட்டமோ தரையை ஒட்டியே நிற்கும்.

இந்த மண்ணில் முப்பது மீட்டர் ஆழத்துக்கு ஒரு பெட்டி இறக்க வேண்டும். முப்பது மீட்டர் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் சதுர மீட்டருக்கு முப்பது டன். உங்கள் ஹாஸ்டல் மெஸ் மேஜை அளவு இடத்தில் லோடு ஏற்றிய லாரி ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சுவர் முழுக்க அப்படி, தரை முழுக்க அப்படி. தரையில் அது கீழிருந்து மேலே தள்ளும்.

தண்ணீர்த் தொட்டியில் காலி டிரம்மைக் குத்தாக அமுக்கிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கையை எடுத்தால் டிரம் எகிறிக்கொண்டு மேலே வரும். பூமிக்கு அடியில் இருக்கும் ரயில் நிலையமும் அந்தக் காலி டிரம்தான். நம் நாட்டில் கட்டடம் கீழே இறங்கிவிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுவார்கள். ஈரமண்ணில் ஆழமான நிலையம் கட்டுபவன், மேலே எழும்பிவிடுமோ என்றும் பயப்பட வேண்டும். அதனால்தான் தரை ஸ்லாப் அவ்வளவு கனம், பக்கச் சுவர் அவ்வளவு ஆழம். ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியோடு நின்றுவிடவில்லை.

இந்த மாதிரி இடங்களில் முதலில் குழி தோண்டுவதில்லை. முதலில் சுவர். தரையில் ஒரு மீட்டர் சுமார் அகலத்துக்குக் குறுகலான பள்ளம் வெட்டிக்கொண்டே போவார்கள். பள்ளம் சரியாமல் இருக்க பென்டோனைட் என்ற களிமண் கரைசல் நிரம்பியிருக்கும். அதற்குள் கம்பிக் கூண்டை இறக்கி, அடியிலிருந்து கான்கிரீட் ஊற்றினால், கரைசல் மேலே வந்துவிடும், சுவர் நின்றுவிடும். டயாஃபிரம் வால் என்பார்கள். நான்கு பக்கமும் சுவர் ஆன பிறகு கூரையைப் போடுவார்கள். கூரைக்குக் கீழே குடைந்து ஒரு மாடி. அந்தத் தளத்தைப் போட்டு, அதற்குக் கீழே குடைந்து அடுத்த மாடி. வீடு கட்டுகிறவன் அஸ்திவாரத்தில் ஆரம்பித்து மொட்டை மாடியில் முடிப்பான். இவர்கள் மொட்டை மாடியில் ஆரம்பித்து அஸ்திவாரத்தில் முடிப்பார்கள். ஒவ்வொரு தளமும் இரண்டு பக்கச் சுவரையும் ஒன்றோடொன்று சாயவிடாமல் முட்டுக் கொடுத்து நிற்கும். மேலே தெருவையும் சீக்கிரம் திரும்பத் திறந்துவிடலாம்.

பழைய கல்கத்தா மெட்ரோவை ஞாபகம் இருக்கிறவர்கள் இருக்கலாம். 1972-இல் அடிக்கல் நாட்டி, 1984 அக்டோபர் 24-இல் ஓடத் தொடங்கியது. இந்தியாவின் முதல் மெட்ரோ. பெரும்பாலும் தெருவைத் திறந்து வெட்டி, பெட்டி கட்டி, மூடிய வேலை. வருஷக் கணக்கில் நகரத்தின் முதுகெலும்பே திறந்து கிடந்தது. இந்தப் புதிய கிழக்கு–மேற்குப் பாதையில் நிலையங்களுக்கு மட்டும்தான் மேலிருந்து தோண்டினார்கள். நடுவில் எல்லாம் இயந்திரம் அடியில் குடைந்து போனது. தெருவுக்குத் தெரியாமல் போகலாம் என்பதுதான் அதன் பெருமை. அதன் ஆபத்தும் அதுதான்.

ஆற்றைக் கடந்தார்கள்

சுரங்கம் தோண்டும் இயந்திரத்தை ஒரு பெரிய மண்புழு என்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்தில் சுழலும் வெட்டுச் சக்கரம். வெட்டிய மண் உடனே வெளியே வராது. முகத்துக்குப் பின்னால் ஓர் அறையில் நிரம்பி நிற்கும். முன்னால் இருக்கும் மண்ணும் தண்ணீரும் எவ்வளவு அழுத்தத்தில் தள்ளுகின்றனவோ, அவ்வளவு அழுத்தத்தில் இந்த அறை மண் திருப்பித் தள்ள வேண்டும். திருகு போன்ற ஒரு குழாய் அறையிலிருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும். வேகமாக எடுத்தால் அழுத்தம் குறையும், மேலே தரை இறங்கும். மெதுவாக எடுத்தால் அழுத்தம் கூடும், தரை உப்பும். பின்னால் கான்கிரீட் வளையங்களைப் பூட்டிக்கொண்டே வருவார்கள். வளையத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் சிமென்ட் கலவையை உடனுக்குடன் அடைக்க வேண்டும். வளையங்களின் இணைப்பில் ரப்பர் பட்டை. தண்ணீர் பட்டால் தானே ஊதிக்கொண்டு இடைவெளியை அடைக்கும் பட்டையும் உண்டு.

கணக்குச் சொன்னால் தம்பிகளுக்குப் பிடிக்கும். சுரங்கத்தின் வெளி விட்டம் 6.1 மீட்டர். ஒரு மீட்டர் முன்னேறினால் சுமார் 30 கன மீட்டர் மண் வரும். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு கூடுதலாக எடுத்துவிட்டோம் என்று வையுங்கள். 300 லிட்டர், ஒன்றரைத் தார் டிரம். அந்த ஒன்றரை டிரம் வெற்றிடம் கீழேயே இருந்துவிடாது. மெல்ல மெல்ல மேலே ஏறித் தெருவில் பள்ளமாகவோ ஒருத்தர் வீட்டுச் சுவரில் விரிசலாகவோ வந்து உட்காரும். ஒவ்வொரு மீட்டருக்கும் இந்தக் கணக்குச் சரியாக வர வேண்டும்.

ஹௌராவிலிருந்து கிளம்பிய இரண்டு இயந்திரங்களுக்கு ரச்னா, பிரேர்ணா என்று பெயர். 2017 ஏப்ரலில் ரச்னா ஆற்றுக்கு அடியில் நுழைந்தது. ஜூன் மாதம் பிரேர்ணாவும் மறுகரை சேர்ந்துவிட்டது. நடு ஆற்றில் இயந்திரத்தை நிறுத்தவும் முடியாது, மேலே இருந்து தோண்டிப்போய் ரிப்பேர் பார்க்கவும் முடியாது. அதனால் ராத்திரி பகல் பாராமல் ஓட்டினார்கள். கிழக்குக் கரையில் ஸ்ட்ராண்ட் ரோடு பக்கம் 40 மீட்டருக்கு மேல் ஆழமாக ஒரு கிணறு இறக்கியிருக்கிறார்கள். காற்றோட்டத்துக்கும், ஆபத்து என்றால் ஆட்கள் ஏறி வெளியேறவும் அது.

ஆற்றைத் தாண்டினால் பிரபோர்ன் ரோடு. நூறு வருஷத்துக்கு மேலான கட்டடங்கள். இரண்டு யூத ஆலயங்கள், பக்கத்தில் பழைய கரன்ஸி பில்டிங். தொல்லியல் துறையின் அனுமதி வாங்கி, கட்டடங்களில் அளவுக் கருவிகள் பொருத்தி, சில பழைய கட்டடங்களில் குடியிருந்தவர்களை இயந்திரம் கடக்கும் நாட்களுக்கு மட்டும் வெளியே தங்க வைத்து, பத்திரமாகப் போனார்கள். ஆறும் கடந்தது, ஆபத்தான தெருவும் கடந்தது. பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன. நம் மாதிரி ஆட்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டோம்.

சந்தில் தடுக்கி விழுந்தார்கள்

அதே பாதையின் இன்னொரு பகுதி எஸ்பிளனேடிலிருந்து சியால்தாவுக்குப் போகிறது. நடுவில் பௌபஜார். நகைக் கடைகளும் பொற்கொல்லர் பட்டறைகளும் நிறைந்த பழைய பேட்டை. நம் ஊர் நகைக் கடை வீதிக்குப் பின்னால் இருக்கும் சந்துகள் மாதிரி. 2019 ஆகஸ்ட் 31. அங்கே குடைந்துகொண்டிருந்த சண்டி என்ற இயந்திரம் தண்ணீர் நிறைந்த மணலில் போய் முட்டியது. தண்ணீரும் வண்டலும் சுரங்கத்துக்குள் பாய்ந்தன. உள்ளே போன மண் எல்லாம் மேலே இருந்த வீடுகளின் காலடி மண். துர்கா பிதூரி லேன், ஸ்யாக்ரா பாரா லேன் என்ற சந்துகளில் வீடுகள் விரிந்தன. அடுத்தடுத்த நாட்களில் இடிந்தே விழுந்தன. நூற்றுக்கணக்கான ஜனங்கள் உடுத்திய துணியோடு வெளியேறி ஓட்டல் அறைகளுக்குப் போனார்கள். வேலையை நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. திரும்ப ஆரம்பிக்க 2020 பிப்ரவரியில்தான் அனுமதி கிடைத்தது. சண்டி அங்கேயே மாட்டிக்கொண்டது. பாக்கி தூரத்தைப் பக்கத்துச் சுரங்கத்தில் வந்த ஊர்வி என்ற இயந்திரம் மறுபக்கமிருந்து வந்து 2021-இல் முடித்தது. கஷ்டம் அதோடு விடவில்லை. 2022-இல் மே மாதம் ஒரு தடவை, அக்டோபரில் ஒரு தடவை மறுபடி தண்ணீர் கசிந்து, மறுபடி விரிசல், மறுபடி ஜனங்கள் பெட்டியைத் தூக்கினார்கள். முழுப் பாதையும் இணைந்து ஓடத் தொடங்கியது 2025 ஆகஸ்ட் 22-இல். அடிக்கல் நாட்டியது 2009.

இதைச் சொல்வது யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இல்லை. யார் பொறுப்பு, யாருக்கு எவ்வளவு நஷ்டஈடு என்பதையெல்லாம் பேச வேறு சபை இருக்கிறது. இன்ஜினியர்கள் கூடியிருக்கும் இந்தச் சபையில் நான் கேட்பது ஒன்றுதான். எல்லோரும் பயந்த ஆற்றை இரண்டு மூன்று மாதத்தில் கடந்தார்கள். அதே பாதையில், அதே மாதிரி இயந்திரம், ஒரு சந்தில் போய் விழுந்தது. ஏன்?

என் பதில் இது. நிலம் ஆற்றுக்கு ஒன்று, சந்துக்கு ஒன்று என்று இரண்டு குணம் வைத்திருக்கவில்லை. ஐம்பது மீட்டருக்கு ஒரு துளை போட்டு மண் எடுத்துப் பார்க்கிறோம். இரண்டு துளைக்கும் நடுவில் கோடு போட்டு, இங்கே களிமண், இங்கே மணல் என்று வண்ணம் தீட்டுகிறோம். அந்தக் கோடு நாம் போட்ட கோடு, பூமி போட்டதில்லை. நெருக்கமான சந்தில் வீட்டுக்கு நடுவே துளை போடக்கூட இடம் கிடைக்காது. அதனால் அங்கேதான் நமக்குத் தெரிந்தது குறைவு. அங்கேதான் மேலே இருக்கும் உயிர்களும் அதிகம். ஆற்றின் மேல் யாரும் குடியிருக்கவில்லை.

சென்னையில் ஒரு வேலையின்போது, தோண்டுவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய், இருக்கிற விரிசல்களை அளந்து படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் சண்டை வரக்கூடாது என்பதற்காகச் செய்கிற வழக்கம் அது. ஒரு பழைய ஓட்டு வீட்டில் ஒரு பாட்டி எனக்கு மோர் கொடுத்துவிட்டுக் கேட்டார். "ஏம்ப்பா, விரிசலையெல்லாம் ஒண்ணு விடாம படம் புடிக்கிறியே, நாளைக்கு வீடு விழுந்தா இந்தப் படத்த வெச்சிக்கிட்டு நான் எங்க குந்தறது?" நான் கருவிகளைப் பற்றி விளக்கமாகச் சொன்னேன். சுவரில் கண்ணாடித் துண்டு ஒட்டுவோம், தெருவில் ஆணி அடிப்போம், இத்தனை மில்லிமீட்டர் இறங்கினால் எச்சரிக்கை, இத்தனை இறங்கினால் வேலை நிறுத்தம் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த மிசின நிறுத்தச் சொன்னா நிறுத்துவாங்களா?" என்றார்.

அண்ணன்மார்களே, கேள்வியே அதுதான். கருவி வாங்குவது சுலபம். ராத்திரி இரண்டு மணிக்குக் கருவி ஒரு எண்ணைக் காட்டும். அதைப் பார்க்கிற பையன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். இயந்திரம் ஒரு நாள் நின்றால் எவ்வளவு நஷ்டம் என்பது அவனுக்குத் தெரியும். எல்லோரும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அவன் போனை எடுத்து "நிறுத்துங்கள்" என்று சொல்ல அவனுக்கு அதிகாரம் இருக்கிறதா? சொன்னால் மறுநாள் காலையில் மேலதிகாரி அவன் தோளில் தட்டுவாரா, சட்டையைப் பிடிப்பாரா? இதற்கு நல்ல பதில் இருக்கும் சைட்டில் சுரங்கம் பத்திரமாகப் போகும். இங்கே முன் வரிசையில் மேனேஜராக, டைரக்டராக இருக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் என் வேண்டுகோள் இதுவே: அந்தப் பையன் பொய்யாக மணி அடித்தாலும் திட்டாதீர்கள். பத்துப் பொய் மணியின் செலவு ஒரு சந்தின் விலையைவிடக் குறைவு.

கீழே போனவர்கள் மேலே வர வேண்டும்

திரும்ப ஹௌராவுக்கு வருகிறேன். நிலையம் கட்டி முடித்தாலும் ஆழம் தன் வரியைத் தினமும் வசூலிக்கும். முப்பது மீட்டரை எஸ்கலேட்டரில் நின்றபடி ஏறினால் மட்டும் ஒன்றரை, இரண்டு நிமிஷம் ஆகும். அதோடு தளத்துக்குத் தளம் நடக்க வேண்டும். மேலே மெயில் வண்டி கிளம்புகிற நேரமென்றால் அதுவும் ஒரு யுகம். தீப்பிடித்தால்? இதற்கு உலகம் முழுக்கப் பின்பற்றும் ஒரு விதி இருக்கிறது: நான்கு நிமிஷத்தில் பிளாட்பாரம் காலியாக வேண்டும், ஆறு நிமிஷத்தில் எல்லோரும் பத்திரமான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பத்திரமான இடம் என்றால் தெருவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. புகையும் தீயும் நுழையாத படிக்கட்டாகவும் இருக்கலாம். படிக்கட்டின் அகலம், பெரிய விசிறிகள் புகையை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பது வரை எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து பிறக்கின்றன. பிளாட்பாரத்தின் விளிம்பில் கண்ணாடிக் கதவுகள் இருக்கும், ரயில் வந்த பிறகுதான் திறக்கும். யாரும் தண்டவாளத்தில் விழாமல் இருக்க அது. குளிர்ந்த காற்று சுரங்கத்துக்குள் வீணாகப் போகாமல் இருக்கவும் அது.

ஆழத்துக்கு வேறு ஒரு மதிப்பும் உண்டு என்பதை 2022-இல் கீவ் நகரம் காட்டியது. குண்டு விழுந்த இரவுகளில் ஜனங்கள் குழந்தை குட்டியோடு மெட்ரோ நிலையங்களில்தான் படுத்துத் தூங்கினார்கள். கட்டடம் ஒன்று நன்றாகக் கட்டப்பட்டால், கட்டியவன் நினைக்காத காரியத்துக்கும் அது கைகொடுக்கும்.

தம்பி தங்கைகளுக்கு இரண்டு வார்த்தை சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

முதலாவது, சாயில் மெக்கானிக்ஸ் என்பது மார்க் வாங்கிவிட்டு மறக்கிற பேப்பர் இல்லை. லேபில் சல்லடையை ஆட்டிக்கொண்டிருக்கும்போது இது எதற்கு என்று தோன்றும். அந்தச் சல்லடையில் நிற்கும் மணல்தான் பௌபஜாரில் ஓடியது. எடுத்த ரீடிங் எதுவோ அதையே எழுதுங்கள். வளைகோடு அழகாக வரவில்லையா, வராமலே போகட்டும். அழகான கோட்டை நம்பி யாரோ ஒருநாள் இயந்திரத்தை ஓட்டுவார்கள்.

இரண்டாவது, தைரியமாக இந்தப் பக்கம் வாருங்கள். நம் நாட்டில் ஊருக்கு ஊர் மெட்ரோ தோண்டுகிறார்கள். சென்னையிலேயே இரண்டாம் கட்டத்தில் பல கிலோமீட்டர் பாதை தரைக்கு அடியில்தான். வெயிலில் காயாமல் பிழைக்க கம்ப்யூட்டர் மட்டும்தான் வழி என்பதில்லை என்று என்னைப் பார்த்தாலே தெரியும். ஆனால் வரும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள். நம் டிராயிங்கில் சுரங்கம் ஒரு வட்டம். அதற்கு மேலே தரை என்று ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டின் மேல் வீடு இருக்கிறது, பட்டறை இருக்கிறது, மோர் கொடுத்த பாட்டி இருக்கிறார். அவர்கள் யாரும் அந்த டிராயிங்கில் கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்துப் போட்டது நாம். அவர்கள் நிம்மதியாகத் தூங்கி எழுந்து, காலையில் அடியில் ரயில் ஓடுகிறதாமே என்று ஆச்சரியப்பட்டால், நாம் படித்த படிப்புக்கு அதைவிடப் பெரிய மெடல் இல்லை.

இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று செயலாளர் அண்ணன் வாட்ச்சைக் காட்டுகிறார். மெஸ்ஸிலிருந்து சாம்பார் வாசனையும் வந்துவிட்டது.